உள்ளறைக்குப் போன இணையம்



மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர் மோடம், ரவுட்டர் என்று எழுத வந்துவிட்டாரே என வியக்க வேண்டாம். கடந்த இரண்டு மாதங்களில் நம்மிடம் மார்க்கச் சட்டம் கேட்டவர்களைவிட, "உங்க வீட்டுல உள்ளறைக்கு எப்படி வைஃபை கொண்டுபோனீங்க, ஹழ்ரத்?" என்று கேட்டவர்களே அதிகம். எங்கள் மஹல்லாவில் பல வீடுகள் எங்கள் வீட்டைப் போன்றவையே. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதிவிடுகிறோம். செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

எங்கள் வீடு பாட்டனார் காலத்தில் கட்டப்பட்டது. தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளவாக்கில் செல்லும். முன்னறை, முற்றம், நடு அறை, அதற்கும் அப்பால் உள்ளறை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த ஒன்றரை அடிச் சுவர்கள். கோடையில் குளிர்ச்சி, ஆனால் உள்ளறையில் செல்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே அரிது.

ஐந்தாண்டுகளுக்கு முன் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது, அந்தப் பெட்டியை முன்னறையில் மாட்டச் சொன்னோம். நினைத்தே செய்தது அது. இணையம் முன்னறையோடு நிற்கட்டும். பார்க்க வேண்டியவர் எல்லாரும் நடமாடும் இடத்தில் அமர்ந்து பார்க்கட்டும் என்பது நம் எண்ணம். அப்போது மூத்த மகனுக்கு 12 வயது, இளையவனுக்கு 8. ஏற்பாடு நன்றாகவே நடந்தது. மத்ரஸாவில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது மற்றவர்களுக்கும் இதை ஒரு யோசனையாகச் சொல்லியிருக்கிறோம், சற்றுப் பெருமையோடுதான். ஆனால் பிள்ளைகளைக் கண்காணித்தது நாமல்ல, பாட்டனார் கட்டிய சுவர்தான் என்பது அந்தச் சுவரைத் துளைக்க வேண்டி வந்த பிறகே நமக்கு விளங்கியது.

சென்ற ஆண்டு நம் உம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளறைக் கட்டிலோடு ஆகிவிட்டார்கள். நம் தம்பி தம்மாமில் வேலை பார்க்கிறார். அங்கே இரவு எட்டேகாலுக்கு அறைக்குத் திரும்பி அழைப்பார். நமக்கு அப்போது மணி பத்தே முக்கால். உம்மாவுக்கு அந்த அழைப்புதான் அன்றைய நாளின் முடிவு. நம் வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். உம்மா அதைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவார்கள். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். பிறகு தொலைபேசிக் கடைகள் வந்தன. 2017 செப்டம்பரில் சவூதி அரசு இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கிய பிறகுதான் தம்பியின் முகத்தை இரவுதோறும் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஏற்பட்டது.

ஆனால் உள்ளறையில் படம் உறைந்து நின்றுவிடும். ஆகவே உம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி முன்னறைக்கு அழைத்து வருவோம். வழியில் இரண்டு நிலைப்படிகள். பழைய வீட்டு நிலைப்படிகளின் உயரம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் நாற்காலியைத் தூக்கி இறக்கும்போது உம்மா பல்லைக் கடித்துக்கொள்வார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் இரவு நாற்காலியைக் கொண்டுபோனபோது, கண்ணை மூடியபடியே, "நான் தூங்கிட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிடு வாப்பா" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் தம்பி நம்மிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "காக்கா, உம்மாவுக்கு என் மேல ஏதும் கோபமா?"

அன்றிரவே முடிவு செய்தோம். இணையம் உள்ளறைக்குப் போயாக வேண்டும்.

முதலில் நகரத்துக் கடையில் ஒரு ரிப்பீட்டர் வாங்கினோம். சுவரில் உள்ள மின்சாக்கெட்டில் செருகினால் போதும் என்றார்கள். வாங்கும் அலையையே திரும்ப அனுப்பும் கருவி அது. ஒரே அலைவரிசையில் வாங்கவும் அனுப்பவும் வேண்டியிருப்பதால் அதன் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தவிர, தனக்கே நல்ல அலை கிடைக்காத இடத்தில் அதை மாட்டினால் அது எதைத் திரும்ப அனுப்பும்? உம்மாவின் கட்டிலருகே மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தது, படம் அசையவில்லை. கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

கம்பி இழுப்பதுதான் வழி என்று சொன்னவன் மூத்த மகன். இப்போது அவனுக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறான். புதிய ரவுட்டர் ஒன்றும், 25 மீட்டர் கேட் 6 கேபிளும் வாங்கினோம். இந்த வகைக் கேபிளில் 100 மீட்டர் வரை தரவு பழுதின்றிச் செல்லும் என்பதால், எவ்வளவு நீளமான வீட்டுக்கும் இது போதும். முற்றத்தின் ஓரமாக பிவிசி குழாய்க்குள் விட்டு, மின்கம்பிகளோடு ஒட்டி ஓடாதவாறு விலக்கி, நடு அறைச் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவந்தோம். துளைப்பதற்கே அரைநாள் ஆயிற்று. பாட்டனார் சுவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

கேபிளின் முனைகளில் பிளக் பொருத்தும் வேலை இளையவனுக்கு. அவன் ஹிஃப்ழு வகுப்பில் இருப்பவன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று எட்டு நிறங்களையும் இரண்டே தடவையில் மனனம் செய்துவிட்டான். பச்சை இணை அருகருகே வராமல் நீல இணையின் இருபுறமும் நிற்பதுதான் இதில் உள்ள நுட்பம். அழகாக இருக்கிறதே என்று பச்சையைப் பச்சையோடு சேர்த்து வைத்தால், சிறு கேபிளில் வேலை செய்வதுபோல் தோன்றி நெடுந்தூரத்தில் காலை வாரிவிடும். நாம் பொருத்திய முனை அப்படித்தான் வாரிவிட்டது. அவன் அதை வெட்டியெறிந்துவிட்டுத் தானே மீண்டும் பொருத்தினான்.

புதிய ரவுட்டரைப் பழைய பெட்டியின் பின்னால் இணைத்து உள்ளறையில் வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், தம்பியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. உம்மா கட்டிலில் சாய்ந்தபடியே அரைமணி நேரம் பேசினார்கள். இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும்.

அன்றிரவு ஒரு மணியளவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பிள்ளைகளின் அறைக் கதவின் கீழே நீலநிற வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் தட்டவில்லை. சத்தம் போட்டால் உம்மா விழித்துக்கொள்வார்கள் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மையில், என்ன சொல்வதென்றே நமக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டுகளாக அந்த அறையில் இணையம் இல்லை; ஆகவே இணையத்தைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய தேவையும் வரவில்லை. உம்மாவுக்காகத் திறந்த வழியை மூடவும் முடியாது.

மறுநாள் புதிய ரவுட்டரில் நேரக் கட்டுப்பாடு வைத்தோம். இரவு பத்தரை முதல் ஃபஜ்ர் வரை இணையம் நிற்கும். உம்மாவின் டேப்லெட்டுக்கு மட்டும் விலக்கு. 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியையும் அதில் பதிந்தோம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென அறிமுகப்படுத்திய இலவசச் சேவை இது. ஆபாசத் தளங்களையும் தீங்கு விளைவிக்கும் தளங்களையும் திறக்கவிடாது. எல்லாம் சரியாயிற்று என்றிருந்தோம். அடுத்த இரவும் கதவின் கீழே வெளிச்சம்.

காரணம் எளியது. வீட்டில் இப்போது இரண்டு வாசல்கள். முன்னறைப் பெட்டி தன் பெயரில் ஒரு வைஃபையை விடுகிறது. புதிய ரவுட்டர் வேறு பெயரில் இன்னொன்றை விடுகிறது. நம் கட்டுப்பாடெல்லாம் ரவுட்டரின் வாசலில்தான். பிள்ளைகளின் அறை முற்றத்தை ஒட்டியது. ஜன்னலைத் திறந்துவைத்தால் பழைய வைஃபை தட்டுத்தடுமாறியேனும் கிடைத்துவிடும். நிறுவனத்தின் பெட்டியிலேயே கட்டுப்பாடு வைக்கலாமென்றால், நமக்குத் தந்த கணக்கில் அதற்கான பக்கமே இல்லை. இரண்டு வாசலால் வேறொரு தொல்லையும் உண்டு: முன்னறையில் உள்ள பிரிண்டர் உள்ளறையில் உள்ளவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் தனித்தனி வலையமைப்புகள் ஆகிவிட்டன.

இங்கேதான் பிரிட்ஜ் என்ற சொல் வருகிறது. நிறுவனம் தரும் பெட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியைக் கம்பியில் செல்லும் மின்சிக்னலாக மாற்றுவது முதல் வேலை. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நிறுவனத்தின் வலையமைப்பில் நுழைவது இரண்டாவது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுத்து வைஃபையைப் பரப்புவது மூன்றாவது. பிரிட்ஜ் முறையில் மாற்றினால் முதல் வேலையை மட்டும் அது வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நம் ரவுட்டரிடம் விட்டுவிடும். பெட்டி வெறும் பாலமாகிவிடும், வாசல் ஒன்றாகிவிடும்.

இதை அறிந்ததும் அவசரப்பட்டோம். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை பொறுக்கவில்லை. பெட்டியின் பின்புறத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பழைய கடவுச்சொற்கள் போய் எல்லாப் பக்கங்களும் திறக்கும் என்று எங்கோ படித்திருந்தோம். அழுத்தினோம். கடவுச்சொல்லோடு நிறுவனம் பதிந்து வைத்திருந்த அமைப்புகள் யாவும் அழிந்துபோயின. உதவி எண்ணுக்கு அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது குரல். ஆள் வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு இரவும் உம்மா பத்தே முக்கால் மணிக்கு டேப்லெட்டைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். இதை வாசிப்பவர்கள் அந்த ஊசியைத் தொடவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நிறுவனத்தைக் கேட்டாலே போதும். வந்த இளைஞர் பொறுமைசாலி. அலுவலகத்துக்கு அழைத்துப் பேசி, பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, அதன் வைஃபையை அணைத்து, பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார். வீட்டுத் தொலைபேசியும் அதே பெட்டியில் ஓடுகிறதென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது நின்றுபோகக்கூடும்.

மாலையில் மகன் புதிய ரவுட்டரை முன்னறைக்கே கொண்டுவந்து அந்தப் பாலத்தோடு இணைத்து, தாளில் இருந்தவற்றைப் பதிந்தான். பழைய ரவுட்டர் ஒன்று பரணில் தூசி படிந்து கிடந்தது. அதை நடு அறைக் கதவின் மேற்பலகையில் வைத்து ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினான். பீரோவின் பின்னால் வைக்கலாம் என்று நாம் சொன்னோம். இரும்புத் தகடும் நிலைக்கண்ணாடியும் அலையைத் தடுத்துவிடும் என்று மறுத்துவிட்டான்.

ஆக்சஸ் பாயிண்ட் என்றால் என்ன என்று மத்ரஸா பிள்ளைகள் கேட்டபோது, ஒலிபெருக்கி இல்லாத காலத்துப் பள்ளிவாசலைச் சொன்னோம். முன்னே இமாம் சொல்லும் தக்பீர் பின்வரிசைகளுக்குக் கேட்காது. நடுவில் நிற்கும் முகப்பிர் அதை உரத்துச் சொல்வார். அவர் தொழவைப்பவர் அல்லர். இமாமின் சொல்லைப் பின்னுக்குக் கடத்துபவர். முன்னறை ரவுட்டர் இமாம் என்றால் மேற்பலகைப் பெட்டி முகப்பிர். பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

நாம்தான் அன்று புரிந்துகொள்ளவில்லை. பழைய ரவுட்டரை அமைக்கும்போது அதன் டிஹெச்சிபி என்ற பகுதியை அணைக்கும்படி மகன் சொல்லிவிட்டுத் தொழப் போனான். கருவிகளுக்கு முகவரி வழங்கும் பகுதி அது. நாம் அணைத்தோம்; ஆனால் சேமிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. விளைவு, முகப்பிரும் தனித்துத் தொழவைக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு பெட்டிகளும் போட்டியிட்டு முகவரி கொடுத்தன. முன்னறையிலிருந்து முகவரி பெற்ற செல்பேசிக்கு இணையம் உண்டு, மற்றதற்கு இல்லை. ஒரே அறையில் அருகருகே அமர்ந்தும் நம் மனைவிக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடி அதைக் கண்டுபிடித்தான்.

செய்ய விரும்புவோர் இவ்வளவையும் கவனித்தால் போதும்: ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். அதற்கு நிலையான ஒரு முகவரி கொடுக்க வேண்டும். முன்னறை ரவுட்டர் 192.168.10.1 என்றால் இதற்கு 192.168.10.2 எனலாம், அந்த எண் வேறெதற்கும் போகாதபடி ஒதுக்கிவிட வேண்டும். வரும் கேபிளை இணையம் என்று குறித்த துளையில் செருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருந்தால், நடக்கும்போது செல்பேசி தானே மாறிக்கொள்ளும். அலைவரிசை எண் மட்டும் வேறாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்சில் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இடைமறிக்காதவை. நாம் முன்னறைக்கு 1, உள்ளே 11 வைத்திருக்கிறோம். டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 முதலே தெரிந்த குறை. அயலார் நுழைந்து எதைச் செய்தாலும் கேள்வி இணைப்பின் சொந்தக்காரரிடம்தான் வரும்.

வாசல் ஒன்றாயிற்று. நேரக் கட்டுப்பாட்டை மீண்டும் பதிய அமர்ந்தோம். வீட்டுக் கருவிகளின் பட்டியல் திரையில் வந்தது. மகனின் செல்பேசியைத் தேர்ந்து பத்தரை மணி என்று பதிந்தோம். அவன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரம் கழித்து, "வாப்பா, அது வேலை செய்யாது" என்றான்.

ஏன் என்று கேட்டோம். ரவுட்டர் ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஆனால் இக்காலத்துச் செல்பேசிகள் தம் உண்மையான முகவரியைக் காட்டாமல் வேறொன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் இதுவே இயல்பான அமைப்பு. பொது இடங்களில் நம்மைப் பின்தொடர முடியாதபடி செய்த பாதுகாப்பு அது. வைஃபையை மறந்துவிடச் சொல்லி, அமைப்பை மாற்றி, மீண்டும் சேர்ந்தால் ரவுட்டருக்கு அது புதிய செல்பேசியாகத் தெரியலாம். கட்டுப்பாடு அதைத் தொடாது. டிஎன்எஸ்ஸையும் அப்படியே செல்பேசியில் மாற்றிக்கொள்ளலாம் என்றான். இவ்வளவையும் அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். நமக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. இரண்டு இரவும் கதவின் கீழே தெரிந்த வெளிச்சத்தை நாம் பார்த்தோம் என்று அப்போது சொன்னோம். கிரிக்கெட் பார்த்தேன் என்றான். பிறகு, கிரிக்கெட் மட்டும் இல்லை என்றான். அன்று நாங்கள் இருவரும் இஷாவுக்குப் பின் நெடுநேரம் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே பேசியதை இங்கே எழுதுவது முறையாகாது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே பேசியிருக்க வேண்டியவை என்று மட்டும் சொல்கிறோம்.

பேசி முடித்ததும் தன் செல்பேசியை எடுத்து, எங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் உண்மையான முகவரியைக் காட்டும்படி அவனே மாற்றி, பட்டியலில் சேர்க்கச் சொல்லி நீட்டினான். சேர்த்தோம். பிறகு கேட்டான்: "உங்க ஃபோன், வாப்பா?"

நம் செல்பேசியில் இரவு பன்னிரண்டு வரை வாட்ஸ்அப் குழுக்கள் ஓடும். உலமாக்கள் குழு, முன்னாள் மாணவர் குழு, ஊர்ச் செய்திக் குழு. அவசியமானவை என்றே சொல்லி வந்தோம். அவன் வேறெதுவும் சொல்லவில்லை. கையை நீட்டியபடி நின்றான். கொடுத்துவிட்டோம்.

ஆக, இப்போது எங்கள் வீட்டில் பத்தரை மணிக்கு உம்மாவின் டேப்லெட்டைத் தவிர எல்லாம் அணைந்துவிடும். மொபைல் டேட்டா என்ற இன்னொரு வாசல் இருக்கிறது; அதற்கு ரவுட்டரில் பொத்தான் இல்லை.

முதல் இரவு பத்தே முக்காலுக்குத் தம்பி அழைத்தார். கையில் செல்பேசி இல்லாததால் நாமும் போய் உம்மாவின் காலடியில் அமர்ந்தோம். "சாப்பிட்டியா வாப்பா? என்ன கறி?" என்று உம்மா தொடங்கினார்கள். படம் அவ்வளவு தெளிவு. நம் பின்னால் சுவரில் கேபிள் நுழைந்த துளையும், அதைச் சுற்றிப் பெயர்ந்து கிடந்த சாந்தும் தம்பிக்குத் தெரிந்துவிட்டன. "என்ன காக்கா, பாட்டனார் சுவரை உடைச்சிட்டீங்களா?" என்றார்.

கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். பழைய சுவருக்குச் சிமெண்ட் ஒட்டாது, சுண்ணாம்பிலேயே பூச வேண்டும் என்கிறார். இன்னும் வரவில்லை.